எஞ்சினின் காது

தலவாக்கலையில் இருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ஏற்றம் அல்லது இறக்கம்தான். எமது நிலையத்தின் வேலைகளும் பெரும்பாலும் அந்த ஏற்றங்களின் முடிவில்தான் இருக்கின்றன. லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகம, கிரேட் வெஸ்டர்ன் எனத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. வழக்குக்குப் போக வேண்டிய பெண், கிளினிக்குக்குப் போக வேண்டிய பெண், அடிபட்டு இரவில் லயனை விட்டு வெளியேறிய பெண் என்று யாரையாவது ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கும். பஸ் ஓடாத நேரங்களில்தான் இந்தத் தேவைகள் அதிகம் வருகின்றன. இதற்காக நிலையத்திடம் இருப்பது, ஜப்பானில் இருந்து பாவித்த நிலையில் வந்த சிறிய பெற்றோல் கார் ஒன்று. அதற்கு வயது இருபதுக்கு மேல். அதை ஓட்டுபவர்களில் நானும் ஒருத்தி.

2024 ஆம் ஆண்டு யூலை மாத மழையில் இந்தக் கார் திடீரெனப் பலமிழந்தது. முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடங்களில் முதலாம் கியர் கேட்டது. அக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட்டும் எரிந்தது. அதே கிழமையில் லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை இரவில் நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டி வந்தது. தலவாக்கலை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். அந்த 670 மீற்றரையும் மாட்டு வண்டி போல ஏறினோம். நானுஓயாவுக்குப் பிறகு அந்தப் பெண்ணின் மாமியார், "மிஸ், நாங்க எறங்கி நடக்கவா? பாரம் கொறையுமே" என்று கேட்டார். நல்லவேளை, தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மறுநாளே காரைக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டு போனோம். ஓட்டி வந்தது நான். ஆனால் கராஜ்காரர் விளக்கம் சொன்னது என்னோடு வந்த எமது அலுவலகத் தம்பிக்கு. அவனுக்குச் சைக்கிள் கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாது. "எஞ்சின் தேஞ்சு போச்சு, கழட்டிச் செய்யணும், மூணு லட்சத்துக்குக் கொறையாது" என்றார். அங்கே வேலை செய்த ஒருவர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, வேறொரு வழியும் சொன்னார். ஐந்நூறு ரூபா கொடுத்தால் ஒரு வயருக்குள் சின்னச் சாமான் ஒன்றை வைத்து லைட்டை அணைத்து விடுவாராம். சமூகவியல் படித்த எனக்கு கராஜில் நடப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முடியும். காரைத் திருத்த முடியாது. இரண்டுக்கும் சம்மதிக்காமல் திரும்பி வந்தோம்.

அப்போதுதான் நிலையத்துக்கு வரும் பெண்களில் ஒருவர், தோட்டத்து லயனுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் திருத்தும் ஓர் அக்காவைப் பற்றிச் சொன்னார். பெயர்ப் பலகை இல்லாத கராஜ் அது.

அந்த அக்காவின் தாய் இதே பகுதியில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனவர். அந்த நாட்களில் மலையகத்தில் இருந்து ஆயிரக்கணக்கானோர் அப்படி வடக்கே போனார்கள். காந்தியம் என்ற அமைப்பு பலரை வவுனியாப் பக்கத்தில் குடியமர்த்தியது. "அங்க போனா நம்ம சனம், பயமில்ல" என்று நம்பிப் போனவர்களின் பிள்ளைகள், பின்னர் யுத்தத்தின் நடுவில் வளர்ந்தார்கள். இந்த அக்கா வளர்ந்தது கிளிநொச்சியில். 2009 இல் கணவரை இழந்து, மனிக் பாம் முகாமில் இருந்து, 2012 இல் பிள்ளையோடு தாய்மாமன் வீட்டுக்கு இங்கே வந்து சேர்ந்தார். ஒரே வசனத்தில் "ஓம்" என்றும் "ஆமாங்க" என்றும் சொல்வார். வேலையை எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்கு, "சித்தப்பாட்ட கொஞ்சம். பிறகு வேற இடத்தில" என்றார். அந்த வேறு இடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் எதைக் கேட்பது என்பதை விட எதைக் கேட்காமல் விடுவது என்பதையே பழக அதிக காலம் எடுக்கிறது.

அக்கா முதலில் காரை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு மருமகனிடம் இருந்து வாங்கிய சின்ன ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தினார். பீ 0325 என்ற இலக்கம் வந்தது. "மிஸ், இதுக்கு எஞ்சினக் கழட்டத் தேவையில்ல. இதின்ர காது கேக்குதில்ல, அவ்வளவுதான்" என்றார்.

எஞ்சினுக்குக் காது இருக்கிறது என்பதை நான் முதன்முதலில் கேள்விப்பட்டது அன்றுதான். நொக் சென்சர் என்பது அதன் பெயர். நாம் சிலிண்டர் என்று சொல்லும் குழலுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் சேர்ந்து நிற்கும். பிஸ்டன் அதை மேலே தள்ளி அமுக்கும். அது உச்சிக்கு வருவதற்குச் சற்று முன் பிளக் பொறி விடும். பொறி பட்ட இடத்தில் பற்றிய நெருப்பு, மறுபக்கம் வரை ஒழுங்காகப் பரவ வேண்டும். கோடையில் எங்கள் மலைகளில் மானாப் புல் எரிவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு ஓரத்தில் வைத்த தீ வரிசையாக நகர்ந்து போனால் அதைக் கட்டுப்படுத்தலாம். தீ வந்து சேருமுன்பே, சூடேறிய மறு ஓரம் தானாகப் பற்றிக்கொண்டால்? எஞ்சினுக்குள் அப்படி நடப்பதைத்தான் நொக் அடிப்பது என்கிறோம். ஒரு நொடிக்குள் பல தடவை அழுத்தம் மோதி, சின்னச் சுத்தியலால் தட்டுவது போல டிக் டிக் என்று கேட்கும். நீண்ட நேரம் அடித்தால் பிஸ்டனே உடையும், உருகும்.

எஞ்சின் புளொக்கில் போல்ட் போட்டு இறுக்கிய, ஒரு பெரிய பொத்தான் அளவேயான சாமான்தான் அந்தச் சென்சர். அதன் உள்ளே இருக்கும் வில்லை அதிர்வு பட்டால் மின்சாரம் தரும். 1880 இல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் இருவர் கண்டுபிடித்த தன்மை இது. அவர்களில் இளையவர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவரானவர். மேரி கியூரி தனது கதிர்வீச்சு அளவீடுகளைச் செய்ததும் இதே தன்மையை வைத்துச் செய்த கருவி கொண்டுதான். எஞ்சினில் எத்தனையோ சத்தங்கள் உண்டு. அத்தனைக்குள்ளும் நொக் எழுப்பும் அதிர்வு நொடிக்கு 5,000 முதல் 8,000 தடவை வரையில், எஞ்சினுக்கு எஞ்சின் கொஞ்சம் மாறுபட்டு இருக்கும். காரின் கொம்பியூட்டர் அந்த ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்கிறது. கேட்டவுடன் பொறியைக் கொஞ்சம் தாமதிக்கிறது. சத்தம் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஓட்டுகிற எமக்கு எதுவும் தெரியாது.

சென்சர் பழுதாகி, எந்தச் செய்தியும் வராமல் போனால் என்ன நடக்கும்? கொம்பியூட்டர் எதையும் நம்பாது. எப்போதும் ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, பொறியைத் தாமதித்தே வைத்திருக்கும். எஞ்சின் உடையாது, ஆனால் பலமும் வராது. பெற்றோலும் கூடுதலாகப் போகும். சமதரையில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. கொழும்பில் ஓடும் கார் என்றால் மாதக்கணக்கில் கவனிக்காமலே விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் ஏற்றம் உடனே காட்டிக் கொடுத்து விடுகிறது. போதாததற்கு இந்த உயரத்தில் காற்றும் மெல்லியது. நுவரெலியாவில் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்றழுத்தம் குறைவு, ஆகவே எஞ்சினுக்கும் அந்தளவு மூச்சு குறைவு. நியாயமாகப் பார்த்தால் மெல்லிய காற்றில் நொக் அடிப்பதும் குறையும். ஆனால் ஐந்து பேரை ஏற்றி, செங்குத்தான ஏற்றத்தில் அக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது அந்தச் சலுகை போய்விடுகிறது.

இதை விளக்கி முடித்த அக்கா, துணியால் கையைத் துடைத்தபடி, "மனிக் பாமில இருந்து வந்து ரெண்டு மூண்டு வருசம் நானும் இப்பிடித்தான் மிஸ். கதவு அடிச்சாலும் அடங்கிப் போயிருவன்" என்று சொல்லிச் சிரித்தார். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு இப்போதும் அவர் வீட்டுக்குள் போய்விடுவதாகப் பிறகு அறிந்தேன்.

வடக்கில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நொக் அடிக்கும் சத்தம் புதிதல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோலை மருந்து போலத் துளித்துளியாகப் பாவித்த காலம். பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் கார்களை ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் நொக் அடிக்கக் கூடியது. அந்த எஞ்சின்கள் அதிகம் அமுக்காத பழங்கால எஞ்சின்கள் என்பதால்தான் தாக்குப் பிடித்தன. சென்சரும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. "அப்ப காது நாங்கதான் மிஸ். சித்தப்பாட வானில ஏத்தத்தில டிக் டிக் எண்டு கேட்டா, சின்னப் பிள்ளையள் எல்லாரையும் இறக்கி நடக்க விடுவார். டிஸ்ரிபியூட்டர ஒரு நூல் அளவு திருப்பி விடுவார். எவ்வளவு திருப்ப வேணுமெண்டு நான் சத்தத்திலயே சொல்லுவன்." சத்தங்களைப் பிரித்தறிந்ததால் உயிர் தப்பியவர்கள் வன்னியில் நிறையப் பேர். அந்தக் காது இந்தத் தகரக் கொட்டிலில் இப்படிப் பயன்படும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

பெற்றோலை நொக் அடிக்காமல் வைக்க உலகம் முதலில் கண்ட வழி ஈயம். 1921 இல் அமெரிக்காவில் கண்டுபிடித்து, 1923 முதல் விற்றார்கள். 1924 இல் அதைத் தயாரித்த இடமொன்றில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். அடுத்த வருடம் அரசாங்கம் கூட்டிய மாநாட்டில் இது நஞ்சு என்று துணிந்து எதிர்த்தவர்களில் ஒருவர் வைத்தியர் அலிஸ் ஹமில்டன். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக நியமனம் பெற்ற முதல் பெண் அவர். தொழிற்சாலைகளுக்கு நேரில் போய்த் தொழிலாளர்களின் நோய்களை ஆராய்ந்தவர். அவருடைய பேச்சு எடுபடவில்லை. இலங்கையில் பெற்றோலில் இருந்து ஈயம் நீங்கியது 2002 இல். உலகில் கடைசி நாடும் அதை நிறுத்தியது 2021 இல். ஏறத்தாழ நூறு வருடங்களாக எஞ்சினின் சத்தம் அடங்குவதற்காகப் பிள்ளைகள் ஈயப் புகையைச் சுவாசித்திருக்கிறார்கள். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அதோடு ஒப்பிட்டால், சத்தத்தைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்தச் சின்னச் சாமான் எவ்வளவு நல்லது!

இனி, மாற்றிய விதம். பீ 0325 என்று வந்தவுடன் சென்சரை மாற்றி விடக் கூடாது என்பது அக்கா சொன்ன முதல் விடயம். அந்த இலக்கம் சென்சர் இருக்கும் சுற்றில் எங்கோ பழுது என்று மட்டுமே சொல்கிறது. வயர் அறுந்திருக்கலாம், பிளக்கின் பல் துருப்பிடித்திருக்கலாம். மழைக்காலத்தில் சூட்டுக்காக எஞ்சினுக்குள் வந்து படுக்கும் எலிகள் வயரைக் கடிப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். காசு உள்ள வாடிக்கையாளர் என்றால் வயரைப் பார்க்காமலே சென்சரை மாற்றச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினார். எஞ்சின் முழுதாகக் குளிரும் வரை காத்திருந்து, பெற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். எங்கள் காரில் சென்சர் இருப்பது, காற்றை எஞ்சினுக்குள் கொண்டு போகும் மெனிபோல்ட்டுக்குப் பின்னால். கையும் போகாது, கண்ணும் போகாது. மெனிபோல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் முட்டை வாங்கும் மட்டையின் குழிகளில் வரிசையாக வைத்தார். திறந்து கிடந்த துளைகளுக்குள் எதுவும் விழாதபடி சுத்தமான துணியை அடைத்தார். பிறகு வயரை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை தடவிப் பார்த்தார். எலிப் பல் பட்ட அடையாளம் பக்கத்து வயரில் இருந்தது, இதில் இல்லை. மீற்றரைச் சென்சரில் வைத்து, பக்கத்தில் புளொக்கை ஸ்பெனரால் மெல்லத் தட்டினார். நல்ல சென்சர் என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் மீற்றரில் சிறு அசைவு தெரிய வேண்டும். ஒன்றும் இல்லை. தண்ணீர் புகுந்து உள்ளே துருப்பிடித்திருந்தது.

புதியதை எங்கே வாங்குவது? 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் அப்போது பழைய கார்களின் சாமான்களுக்குத் தீப்பிடித்த விலை இருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் விசாரித்ததில் பாவித்தது நாலாயிரம், புதியது பதினெட்டாயிரம் என்றார்கள். அக்கா பாவித்ததை வேண்டாம் என்றார். கழற்றியவர் அதைக் கீழே போட்டாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஒரு தடவை சீமெந்துத் தரையில் விழுந்தாலும் உள்ளே இருக்கும் வில்லை வெடிக்கலாம், வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும்.

பொருத்தும்போது இரண்டு விடயங்களில் மிகவும் கண்டிப்பாக இருந்தார். சென்சர் உட்காரும் இடத்தைப் பித்தளைத் தூரிகையால் பளபளக்கும் வரை சுத்தம் செய்தார். துருவோ எண்ணெயோ இடையில் இருந்தால் அதிர்வு சரியாக வந்து சேராது. அடுத்தது இறுக்கம். சுமார் 20 நியூட்டன் மீற்றர் என்று எங்கள் காருக்கான புத்தகத்தில் இருந்தது. இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பெனரை நானுஓயாவில் ஒருவரிடம் இரவலாக வாங்கி வந்திருந்தார். "ஆம்பிளையள் பலத்தைக் காட்டி இறுக்குவினம். கூட இறுக்கினா இதுக்குக் காது அடைச்சிரும். தளர விட்டா இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்" என்றார்.

அந்த ஐந்நூறு ரூபா வழியைப் பற்றியும் கேட்டேன். சென்சருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை வயரில் சேர்த்து விடுவார்களாம். சில பழைய மாடல்களில் இது எடுபடும், லைட் அணையும். எல்லாம் அமைதி என்று கொம்பியூட்டர் நம்பிவிடும், பலமும் திரும்ப வரும். ஒருநாள் கலப்படப் பெற்றோல் அடித்துக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் உள்ளே நொக் அடிக்கும், கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். 2022 இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றபோது, போத்தலில் விற்றதில் மண்ணெண்ணெய் கலந்திருப்பதாக எங்கும் பேச்சு. அந்த வருடம் ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானது. லயன்களில் குப்பி விளக்கும் அடுப்பும் அணைந்தன, கலப்படப் பேச்சும் ஓய்ந்தது. "வாயை மூடுறது சுலபம் மிஸ், ஐந்நூறு ரூபா போதும்" என்றார் அக்கா.

மாலை நாலரைக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. ஸ்கேனரில் பழைய இலக்கத்தை அழித்து, லிந்துலைப் பக்கம் ஓர் ஏற்றத்துக்கு என்னையே ஓட்டச் சொன்னார். இரண்டாம் கியரில் ஏறியது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். கூலியாக நாலாயிரம் ரூபாதான் சொன்னார். மூன்று இலட்சம் என்று சொன்ன வேலை இருபத்திரண்டாயிரத்தில் முடிந்தது. வாகனத்தை வைத்துத் தொழில் செய்யும் சகோதரிகள், பிள்ளையின் ஆட்டோவைக் கராஜில் விடும் தாய்மார், எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஸ்கேனரில் என்ன இலக்கம் வந்தது என்று முதலில் கேளுங்கள். இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு கேட்டாலே பேச்சின் தோரணை மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

நாலாயிரம் போதாது என்று நாங்கள் அவரோடு சண்டை பிடித்தோம். "சேட்டிபிக்கட் இல்லாத ஆளுக்கு அதுக்கு மேல யார் குடுப்பாங்க?" என்றார். படிக்காவிட்டாலும் அனுபவத்தால் வேலை தெரிந்தவர்களைச் சோதித்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை எமது நாட்டில் இருக்கிறது. என்விகியூ என்று சொல்வார்கள். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோவையாக்கி, வேலையைச் செய்து காட்டினால் போதும். அந்தச் சான்றிதழ் இருந்தால் கடன் கேட்கலாம், பலகை போடலாம். சொல்லிப் பல மாதங்களாக அவர் அசையவில்லை. எங்கே, யாரிடம், எத்தனை வருடம் பழகினீர்கள் என்ற கேள்வி வரும் என்பதுதான் காரணம். எமது நிலையத்துக்கு வரும் பெண்களில் சிலருக்கும் இதே தயக்கம் உண்டு. வேலை கையில் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல முடிவதில்லை.

இப்போது கோவை ஒன்று தயாராகி வருகிறது. மகள் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை அச்சிட்டு ஒட்டியிருக்கிறாள். வாடிக்கையாளர் கடிதம் வேண்டும் என்றதால் நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நொக் சென்சர் பரிசோதித்தது, மாற்றியது, இறுக்கம் அளந்தது, இன்றுவரை லைட் எரியாதது எல்லாவற்றையும் திகதியோடு எழுதினேன். 2012 க்குப் பிந்திய பக்கங்கள் நிறைந்து விட்டன. அதற்கு முந்திய வருடங்களுக்கான இடத்தில் "கிளிநொச்சி, சித்தப்பாவிடம்" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். பேனையால் இன்னும் எழுதவில்லை.